இரத்த அழுத்தமும் இரவு ஷிப்டும்

ஒரு மனிதனுடைய இரத்த அழுத்தம் எந்த அளவைத் தாண்டினால் அவனை நோயாளி என்று சொல்லலாம் என்ற கேள்விக்கு, உலகத்து வைத்திய நிபுணர்கள் பல்லாண்டுகளாகக் கூடிக் கூடி ஆலோசித்தும், இன்றுவரை ஒருமித்த விடை பிறக்கவில்லை. 2017ஆம் ஆண்டில் அமெரிக்க இருதய மருத்துவச் சங்கங்கள் 130/80 என்று எல்லை வகுத்தபோது, முதல் நாள் இரவு ஆரோக்கியவான்களாகப் படுக்கச் சென்ற அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர் மறுநாள் காலையில் நோயாளிகளாக விழித்தெழுந்தார்கள். 2020இல் சர்வதேச இரத்த அழுத்தச் சங்கம் தன் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டு, 140/90 என்ற பழைய எல்லையே போதும் என்றது. 2021இல் உலக சுகாதார நிறுவனம், மருந்து தொடங்குவதற்குரிய பொது எல்லையாக அதையே உறுதி செய்தது. 2023இல் ஐரோப்பிய இரத்த அழுத்தச் சங்கமும் அதை வழிமொழிந்தது. 2024இல் ஐரோப்பிய இருதய மருத்துவச் சங்கமோ, நோயின் எல்லையை 140/90 என்றே வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே 120 வரையில் உள்ளவர்களையும் கவனிக்கத்தக்க ஒரு புதிய வகுப்பில் சேர்த்து, மருந்து உண்போர் இயன்றவரையில் 120க்கும் 129க்கும் இடையில் வந்து நிற்க வேண்டும் என்று விதித்தது. நம்முடைய மலேசிய வழிகாட்டி, 2018இல் வெளிவந்த தன் ஐந்தாம் பதிப்பில், 140/90 என்ற கட்சியிலேயே நிற்கிறது.

இந்த வாதப் பிரதிவாதங்களைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, எண்ணைச் சரியாக நிர்ணயித்துவிட்டால் நோய் பாதி தீர்ந்துவிடும் என்று தோன்றக்கூடும். ஆனால் கெடா மாநிலத்துக் கூலிம் ஹைடெக் பூங்காவில் பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்டை முடித்துக்கொண்டு, ஆலைப் பேருந்தில் தூங்கியபடி லூனாஸுக்கோ பாடாங் செராய்க்கோ திரும்புகிற நாற்பத்தைந்து வயதுத் தொழிலாளிக்கு, 130 சரியா 140 சரியா என்பது இரண்டாம் பட்சமான விஷயம். அவருடைய கையில் பட்டையைச் சுற்றி யாராவது பிரஷர் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று, பார்த்தபின் கொடுத்த மாத்திரை தீர்ந்தபோது அடுத்ததை வாங்க அவருக்கு ஒழிவு கிடைத்ததா என்பவையே முதற் பட்சமானவை. வழிகாட்டி எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருந்தாலும், தொழிலாளியின் வேலை அட்டவணைக்குள் நுழைய அதற்கு ஒரு வழி செய்யாவிட்டால், அது அலமாரியை அலங்கரிப்பதோடு நின்றுவிடும் என்பதே என் அபிப்பிராயம்.

எண்களைப் பற்றிய தகராறு வீண் தகராறு என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. உயிர்களைக் கொடுத்துப் பெற்ற சரித்திரம். 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி கையைச் சுற்றிக் கட்டும் பட்டையையும், 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் அந்தப் பட்டைக்குக் கீழே செவி வைத்துக் கேட்கும் முறையையும் உலகுக்கு அளித்தபின், அளப்பது சுலபமாயிற்று. அளந்ததை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. வயது ஏற ஏற நாடிகள் தடிப்பதும், அவற்றினூடே இரத்தத்தைத் தள்ள அழுத்தம் உயர்வதும் இயற்கையின் ஏற்பாடு என்றும், அதைக் குறைத்தால் உறுப்புகளுக்கு இரத்தம் எட்டாமற்போகும் என்றும் பெரிய பெரிய வைத்தியர்களே நம்பிய காலம் அது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், உலக யுத்தத்தை நடத்திக்கொண்டே, நம்புதற்கரிய அழுத்தத்தோடு நடமாடி, 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் இரத்தம் கசிந்து மாண்டபோது, அவருடைய அழுத்தம் 300/190ஐத் தாண்டியிருந்தது. உலகத்தின் மிக வலிய நாட்டின் தலைவருக்கு அன்று கொடுப்பதற்கு உருப்படியான மருந்து ஒன்று இல்லை.

பிற்பாடு வந்த மருந்துகளில் ஒன்று பாரத தேசத்து வைத்தியத்திலிருந்து புறப்பட்டது. சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேரைப் பற்றி 1931இலேயே கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் எழுதியிருக்க, 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அது இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை ஆங்கிலேய இருதய மருத்துவச் சஞ்சிகையில் நிரூபித்துக் காட்டினார். அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பினையும் வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துத்தான், 1967இல் எட்வர்டு ஃப்ரைஸ் என்பவர், அமெரிக்க முன்னாள் போர்வீரர்கள் 143 பேரைக் கொண்ட ஆராய்ச்சியில், மருந்து உண்டவர்கள் பிழைப்பதையும் வெற்று மாத்திரை உண்டவர்கள் பக்கவாதத்திலும் இருதய வீழ்ச்சியிலும் விழுவதையும் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டினார். அதன்பின் கேள்வி, குறைக்கலாமா என்பதிலிருந்து எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு நகர்ந்தது. 2015இல் வெளியான ‘ஸ்பிரிண்ட்’ ஆராய்ச்சி, 9,361 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரை 140க்குக் கீழும் மற்றொரு பிரிவாரை 120க்குக் கீழும் கொண்டுவர முயன்று, பின்னவர்களிடையே மரணம் 27 சதவீதம் குறைந்தது என்று அறிவித்தபோது, பழைய எல்லைகள் ஆட்டங்கண்டன. ஆனால் அந்த ஆராய்ச்சியில் நீரிழிவுக்காரர்களும் முன்னரே பக்கவாதம் கண்டவர்களும் சேர்க்கப்படவில்லை; அழுத்தமும், ஆளை அமைதியாக ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து, சராசரி கண்டு எழுதப்பட்டது. அவசரக் கூட்டத்தில் ஒரே முறை அளந்த 120ம் அந்த 120ம் ஒன்றாகா என்பதை மறந்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம்.

ரப்பரும் செம்பனையும் நின்ற கூலிம் வட்டாரத்தில், நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. இன்டெல், சில்டெர்ரா, ஃபர்ஸ்ட் சோலார், இன்ஃபினியோன், ஏடி அண்ட் எஸ் என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியோன் திறந்த சிலிக்கன் கார்பைடு ஆலை அந்த வரிசையில் அண்மையவற்றுள் ஒன்று. பால்மரம் வெட்டிய தாத்தாவுக்கும், தோட்டம் துண்டாடப்பட்டபோது மூட்டை கட்டிக்கொண்டு தாமானுக்குக் குடிவந்த தகப்பனுக்கும் பிறந்த பிள்ளைகளில் பலர், இன்று இந்த ஆலைகளில் தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி பூண்டு, தூசு புகாத அறைகளில் நின்று வேலை செய்கிறார்கள். கூலி உயர்ந்தது, வீடு கல்வீடாயிற்று, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். இவையெல்லாம் பெருமைக்குரிய மாற்றங்கள். தோட்ட வாழ்வை நினைத்து ஏங்குகிறவர்கள், லயத்து வீட்டின் ஒழுகும் கூரையையும் கிராணியின் ஏச்சையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் அந்த வாழ்விலிருந்து ஒரு விஷயத்தை நாம் கை நழுவ விட்டோம். தோட்டத்தில் டிரெசர் என்று ஒருவர் இருந்தார். சட்டம் அவரைத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் என்று அழைத்து, 1965இல் அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டமும் இயற்றிற்று. அவர் பெரிய படிப்பாளி அல்லர். மலேரியாவுக்குக் கொயினாவும், புண்ணுக்குக் கட்டும், வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் கொடுத்துப் பழகியவர். துரையின் சம்பளத்தில் இருந்தபடியால், காய்ச்சலோடு வந்தவனை வேலைக்குத் திருப்பி அனுப்பிய டிரெசர்களும் இருந்தார்கள். ஆனால் காலைப் பெரட்டுக்கு வராதவன் யார், எந்த லயத்தில் எவள் முழுகாமல் இருக்கிறாள், எவன் மருந்தை வாங்கிக் குடிக்காமல் வாய்க்காலில் ஊற்றினான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நோயாளி அவரைத் தேடிப் போகாவிட்டாலும், நடந்து போகிற தூரத்தில் அவர் இருந்தார். தோட்டம் மறைந்ததோடு அந்த ஆளும் மறைந்தார். அவர் பார்த்த தொற்றுநோய்கள் குறைந்து, சத்தமில்லாமல் வளர்ந்து ஒரு நாள் திடீரென்று ஆளைச் சாய்க்கும் நோய்கள் பெருகிய காலத்தில்தான், வீட்டு வாசலை அறிந்த வைத்திய ஊழியர் ஒருவர்கூட இல்லாமற்போனார்.

அதன் விளைவைக் கணக்கு காட்டுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு, அதாவது சுமார் 64 லட்சம் மக்களுக்கு, உயர் இரத்த அழுத்தம் உண்டு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது. அதே ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 சதவீதம் என்று காணப்பட்டது. எந்த இனத்திலும் அதுவே உச்சம். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் ஒரே உடலில் குடியேறினால், எளிதில் பழுதாவது சிறுநீரகம். அதன்பின் வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்து நாற்காலி. எனவே நீரிழிவுக்காரர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் 130லேயே மருந்தை யோசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நம்மவர்களுக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. எண்ணின் தகராறு நம் வாசலுக்கும் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாத வாசலுக்கு வருகிறது.

பிரஷர் பார்ப்பது சின்ன விஷயம் என்று எண்ணுகிறோம். சர்வதேசச் சங்கத்தின் நெறி அதற்கு விதிக்கும் நியமங்களை ஒரு முறை படித்தால், அது ஏறக்குறைய ஓர் அனுஷ்டானம் என்பது விளங்கும். அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காப்பியும் சிகரெட்டும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பதிந்திருக்க, கை இருதய மட்டத்தில் மேஜைமேல் கிடக்க, கையின் பருமனுக்கேற்ற பட்டையைக் கட்டி, ஒரு நிமிஷ இடைவெளியில் மூன்று முறை அளந்து, பின்னிரண்டின் சராசரியை எழுத வேண்டும். ஒரே நாளில் முடிவு செய்யாமல், சில வார இடைவெளியில் மறுபடியும் வரச் சொல்லிப் பார்க்க வேண்டும். இப்போது இரவு ஷிப்டு முடித்த தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். காலை ஏழுக்கு ஆலையை விட்டு, கண் எரிய, வழியில் ஒரு தே தாரேக்கையும் குடித்துவிட்டு, அரசாங்கக் கிளினிக்கில் எண் சீட்டை வாங்கிக்கொண்டு காத்திருந்து, கூப்பிட்ட குரலுக்கு விரைந்தெழுந்து போய், சட்டைக் கையைச் சுருட்டி நீட்டுகிறார். பட்டை அந்தக் கணமே இறுகுகிறது. திரையில் தோன்றும் எண் அவருடைய அழுத்தமா, அவர் உறங்காத இரவின் அழுத்தமா என்று யார் பிரித்துச் சொல்வது?

இதற்குத்தான் வீட்டில் அளந்துகொள்ளும் முறையை எல்லா நெறிகளும் இப்போது வற்புறுத்துகின்றன. 140/90ஐ எல்லையாகக் கொண்ட நெறிகள், வீட்டளவில் 135/85 என்பதே எல்லை என்று தனியாகவும் குறிக்கின்றன. மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட, மேற்கையில் கட்டும் சோதிக்கப்பட்ட கருவியே நம்பத்தக்கது. ஷிப்டு மாறுகிறவர், எழுந்து சற்று இளைப்பாறியபின் அளந்து, அது பகலா இரவா, எந்த ஷிப்டு என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு போய்க் காட்டினால், மருத்துவருக்கு அந்தத் துண்டுக் காகிதம் ஒற்றை அளவைக் காட்டிலும் பன்மடங்கு பிரயோஜனமானது.

அழுத்தம் ஏன் ஏறுகிறது என்பதிலும் ஷிப்டுக்குப் பங்குண்டு. இரவில் உறங்கும்போது இரத்த அழுத்தம் தாழ்வது உடலின் இயல்பு. இரவைப் பகலாக்கி உழைப்பவர்களிடத்தில் அந்தத் தாழ்வு குலைகிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் பயனாக, 2016ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் உலகில் 7,45,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் மதிப்பிட்டன. இந்நாட்டில் 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் வீட்டுக் கடனும் கார் கடனும் கழுத்தை நெரிக்கும்போது, ஓடி (ஓவர்டைம்) கிடைக்காதா என்று தொழிலாளியே கேட்டு நிற்கிறார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

உப்பின் கதை வேறு. மலேசியர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு சராசரி 7.9 கிராம் என்று 2017–18இல் நடந்த தேசிய உப்பு ஆய்வு கண்டது. உலக சுகாதார நிறுவனம் அனுமதிப்பது 5 கிராமுக்கும் குறைவு. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டோம் என்று திருப்திப்படுகிற குடும்பத்தலைவி, ஊறுகாயையும் கருவாட்டையும் அப்பளத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் நள்ளிரவுக்கு மேல் உண்ணும் மீ கோரேங்கில் கிச்சாப்பும், சம்பாலில் பெலாச்சானும், பசிக்கு அவித்துக்கொள்ளும் பொட்டல மீயின் தூளும் எவ்வளவு உப்பைச் சுமந்து வருகின்றன என்பதைக் கணவனும் அறிவதில்லை. வீட்டுச் சமையலறைக்கு மட்டும் போதனை செய்துவிட்டு, ஆயிரக்கணக்கானோர் உண்ணும் ஆலைச் சமையலறையை விட்டுவிடுவது, குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சியைத் தண்டிப்பதற்கு ஒப்பாகும்.

மருந்துக்கு வருவோம். இங்கே உலக நெறிகளுக்குள் ஆச்சரியமான ஒற்றுமை நிலவுகிறது. சிறுநீரைப் பெருக்கும் தையசைடு வகை, பெரிண்டோப்ரில் அல்லது லோசார்டான் போன்றவற்றின் வகை, அம்லோடிபின் வகை ஆகிய மூன்றிலிருந்தே தொடங்க வேண்டும். ஒன்றைப் பெரிய அளவில் கொடுப்பதைவிட இரண்டைச் சிறிய அளவில், கூடுமானால் ஒரே மாத்திரையாகக் கொடுப்பது மேல் என்பதே சாரம். இலங்கையில் 700 நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்று மருந்துகளைச் சிற்றளவில் சேர்த்த ஒற்றை மாத்திரை உண்டவர்களில் 70 சதவீதத்தினர் ஆறு மாதத்தில் இலக்கை எட்ட, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதத்தினரே எட்டினர். இந்தியாவில் 1,981 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சி, இவ்வகை இரட்டை மருந்துச் சேர்க்கைகள் மூன்றும் நம் தேகவாகுக்கு ஏறத்தாழ ஒரே பலன் தருகின்றன என்று காட்டியது. ஆக, எந்த மருந்து என்பது பெரிய புதிரன்று. மருந்தை விடாமல் உண்ணச் செய்வதே புதிர்.

அந்தப் புதிரின் விடை ஆலையின் கதவுக்கு உள்ளே இருக்கிறது. தூசு புகாத அறையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி நீர் மாத்திரையை உண்டுவிட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால், கையுறை, முகமூடி, தலைமூடி, முழு அங்கி, காலுறை அனைத்தையும் கழற்றி வைத்து, போய் வந்து, மறுபடி ஒவ்வொன்றாகப் பூண்டு, காற்று வீசும் அறை வழியாக உள்ளே நுழைய வேண்டும். அதற்குள் மேற்பார்வையாளர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். அவள் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பாள், அல்லது வேலை நாட்களில் மாத்திரையை விட்டுவிடுவாள். கிளினிக்கில் கேட்டால், ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் டாக்டர் என்பாள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவருக்கு அம்லோடிபின் கணுக்காலை வீங்கச் செய்தால், பாதுகாப்புச் சப்பாத்து இறுகும். அவரும் மாத்திரையையே குற்றம் சொல்லி நிறுத்துவார். நீர் மாத்திரையால் நேரும் அதிகப் போக்கு சில வாரங்களில் தணிந்துவிடும் என்பதையும், வேறு வகை மருந்துக்கு மாறலாம் என்பதையும், பெரிண்டோப்ரில் வகையைச் சேர்த்தால் கால்வீக்கம் குறையும் என்பதையும் எடுத்துச் சொல்ல மருத்துவருக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அதற்கு முதலில், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எந்த நேரத்தில் என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

மாத்திரையைக் காலையில் உண்பதா இரவில் உண்பதா என்று ஷிப்டுக்காரர்கள் குழம்புவதற்கும் இப்போது அவசியமில்லை. பிரிட்டனில் 21,104 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆராய்ச்சி, காலை மாத்திரைக்கும் மாலை மாத்திரைக்கும் பலனில் பேதமில்லை என்று கண்டது. மறக்காமல் உண்ணக்கூடிய நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். பகல் ஷிப்டானாலும் இரவு ஷிப்டானாலும், வேலைக்குப் புறப்படுமுன் பசியாறும்போது என்று வைத்துக்கொள்பவர், கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் அச்சிட்டு மருந்துப் பொட்டலத்தில் ஒட்டிக் கொடுத்தாலே எத்தனையோ மாத்திரைகள் குப்பைக்குப் போகாமல் தப்பும்.

இப்படி வழிகாட்டியை வாசலுக்குக் கொண்டுபோவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு, விடை வெளிநாட்டில் தேட வேண்டாம், மலேசியாவிலேயே இருக்கிறது. கொலம்பியாவிலும் மலேசியாவிலுமாக 30 சமூகங்களில் 1,371 பேரைக் கொண்டு நடத்திய ‘ஹோப் 4’ என்னும் ஆராய்ச்சியின் முடிவு 2019இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. மருத்துவரல்லாத சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சிகிச்சை நெறியைக் கையடக்கக் கணினியில் ஏற்றி, அவர்களை வீடு தேடி அனுப்பினார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் மருந்து இலவசமாக வழங்கப்பட்டது. நோயாளி ஒவ்வொருவருக்கும் குடும்பத்திலிருந்தோ நட்பிலிருந்தோ ஒருவர், மருந்தை நினைவூட்டித் தட்டிக்கொடுக்கும் துணைவராக நியமிக்கப்பட்டார். ஓராண்டில் இவ்வாறு கவனிக்கப்பட்ட நோயாளிகளில் 69 சதவீதத்தினரின் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 30 சதவீதமே. புதிய மருந்து ஒன்றும் இல்லை, புதிய எண் ஒன்றும் இல்லை. பழைய மருந்தும் பழைய எண்ணும் வீட்டுக்கு நடந்து போயின, அவ்வளவுதான். வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் கிராமங்களில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், அளவு சிறிதானாலும், இதே திசையைக் காட்டிற்று.

தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இந்தத் தத்துவத்தை ஒரு பெரிய மாநிலத்தின் அளவுக்கு விரித்த முயற்சி. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளைப் பெண் ஊழியர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதை ஐக்கிய நாடுகளின் அமைப்பொன்று 2024இல் விருதளித்துப் பாராட்டிற்று. பேருந்து ஏறிப் போய் ஒரு நாள் கூலியை இழக்க விரும்பாதவர்களே அங்கும் மருந்தை நிறுத்துகிறவர்கள், இங்கும் அவர்களே. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 நெறி, மருத்துவரின் மேற்பார்வையில் தாதியரும் மருந்தாளரும் சிகிச்சையைத் தொடரலாம் என்றும், இலக்கை எட்டும்வரை மாதம் ஒருமுறையும் எட்டியபின் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும் என்றும் கூறுவது, இத்தகைய ஏற்பாடுகளுக்குச் சாஸ்திரத்தின் அங்கீகாரமே ஆகும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை. நாளுக்கு நாள் எல்லையைத் தாழ்த்திக்கொண்டே போய், உலகத்தையே மாத்திரைக்கு அடிமையாக்கப் பார்க்கிறார்கள் என்பது ஒன்று. இந்தச் சந்தேகம் முற்றிலும் அநியாயமானதென்று சொல்லமாட்டேன். 130க்குக் கீழுள்ள ஆரோக்கியவானுக்கு எடைக் குறைப்பும் உப்புக் குறைப்பும் நடையுமே முதல் மருந்து என்பதை எல்லா நெறிகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் நம் கஷ்டம் மாத்திரை மிகுதியால் வந்ததன்று. உலகில் உயர் இரத்த அழுத்தமுள்ள நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களில் ஐந்தில் ஒருவருக்கே அது கட்டுக்குள் இருக்கிறது. மற்ற நால்வருக்கும் அழுத்தம் கட்டுமீறி ஓடிக்கொண்டிருக்கையில், 130ஐப் பற்றிக் கவலைப்பட்டு மருந்தையே வெறுப்பது விவேகமன்று.

மற்றொரு காரணம் இன்னும் கனமானது. ஆலைக்குள்ளே பிரஷர் பார்த்தால், அந்தக் கணக்கு முதலாளியின் கைக்குப் போகாதா, ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளையில் நோயாளி என்று ஒதுக்க மாட்டார்களா என்று தொழிலாளி அஞ்சுகிறார். இந்த அச்சத்தை அலட்சியம் செய்கிறவர்கள், டிரெசர் துரையின் சம்பளத்தில் இருந்த காலத்தை மறந்தவர்கள். ஆகவே ஆலைக்குள் அளப்பவர் ஆலையின் ஊழியராக இல்லாமல் சுகாதார இலாகாவின் ஊழியராக இருக்க வேண்டும். முடிவு தொழிலாளிக்கும் அவருடைய கிளினிக்குக்கும் மட்டுமே தெரிய வேண்டும். இரத்த அழுத்தத்தைக் காரணங்காட்டி வேலையை மறுக்கலாகாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்று காப்பும் இன்றி ஆலைப் பரிசோதனை நடத்தினால், தொழிலாளி அளக்கும் நாளன்று மட்டும் விடுப்பு எடுத்துக்கொள்வார்.

செய்ய வேண்டியவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமகன் ஒருவன் ஒரு வெள்ளிக்கு வைத்தியமும் மருந்தும் பெறுகிற தேசம் இது. இந்தப் பாக்கியம் பல பணக்கார நாடுகளுக்கும் இல்லை. குறைந்த வருமானமுடைய, நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ‘பெக்கா பி40’ திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு; தொடர் மருந்தைத் தபாலில் பெறும் ஏற்பாடும் உண்டு. இருப்பதை ஷிப்டுக்காரர் கையில் சேர்ப்பதே மிச்சம். கெடாவில் வெள்ளியும் சனியும் அலுவலகங்கள் மூடிக்கிடக்கின்றன. சுழற்சி ஷிப்டில் ஓய்வு நாள் அந்த இரு நாளில் விழுகிறவருக்குக் கிளினிக்கின் கதவு மூடியே இருக்கிறது. பூங்காவைச் சுற்றியுள்ள கிளினிக்குகளில் ஒன்றேனும் வாரத்தில் ஒரு மாலையும் ஒரு விடுமுறைக் காலையும் நாட்பட்ட நோய்களுக்கென்று திறந்திருக்கலாம். பின்தொடர் தேதியைக் கொடுக்கும்போது தொழிலாளியின் ஷிப்டு அட்டவணையைப் பார்த்துக் கொடுக்கலாம். ஆலைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு உரிமம் கொடுக்கும்போதே உப்புக்கு ஒரு வரம்பு கட்டலாம். நம் கோவில் நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் தாமான் சங்கங்களும், ஆண்டுக்கொரு நாள் மருத்துவ முகாம் நடத்திப் படம் பிடித்துக்கொள்வதோடு நில்லாமல், ‘ஹோப் 4’ காட்டிய துணைவர்களை, ஒரு வீட்டுக்கு ஒருவராக, அண்ணியோ மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ, பயிற்றுவித்து நியமிக்கலாம்.

1998இல் முதற் பதிப்பாக வெளிவந்த மலேசிய வழிகாட்டி, ஐந்து பதிப்புகளில் உலக விஞ்ஞானத்தோடு சம நடை போட்டு வந்திருக்கிறது. அடுத்த பதிப்பை எழுதும் நிபுணர்கள் 130ஐயும் 140ஐயும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கட்டும். ஆனால் அதில் ஷிப்டுத் தொழிலாளிக்கென்று ஓர் அத்தியாயம் வேண்டும். எந்த நேரத்தில் அளப்பது, எந்த மருந்தை எந்த வேலையோடு பொருத்துவது, யார் வீடு தேடிப் போவது, ஆலையின் பொறுப்பு எதுவரை என்று அந்த அத்தியாயம் சொல்ல வேண்டும். அதை எழுதுமுன் அவர்கள் கூலிம் பூங்காவின் ஆலை வாசலில் ஒரு காலை ஏழு மணிக்கு வந்து நின்று, வெளியே வருகிறவர்களிடம் பேசிவிட்டுப் போவது நல்லது. அந்தப் பதிப்பால் பிழைக்க வேண்டியவர்கள் அந்தத் தொழிலாளிகள்தாம்.